பூரணி கொண்டுவந்த சோடா மெசின்

விமானத்தில் அடிக்கடி போய்வருகிறவர்கள் என்றால் நமக்கு உடனே கோட்டுப் போட்ட கனவான்கள்தான் நினைவுக்கு வருவார்கள். கையில் சின்னப் பெட்டி, விமானம் கொஞ்சம் தாமதித்தாலும் ஆட்களைக் கூப்பிட்டுச் சத்தம் போடுகிற முகம். அந்தக் கனவான்களுக்குக் குறையாமல் பறந்தவர்கள் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு அந்த மரியாதையான பெயர் கிடையாது. ‘வெளிநாடு போய் வந்தவ’ என்பார்கள். சொல்லும்போதே குரலை ஒரு தினுசாக இழுப்பார்கள். அந்த இழுப்பில் பாதி பொறாமை, பாதி அசிங்கம்.

நோட்டன் பிரிட்ஜுக்குப் போகும் பாதையில் உள்ள மொட்டப்பாறைத் தோட்டத்துப் பூரணி அப்படிப் போய் வந்தவள். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மூன்றாவது தடவையாக பெய்ரூத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். நடுவில் பஹ்ரேனில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும். அந்த விமானம் எப்போது வரும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். நாற்காலிகளில் எல்லாம் ஆண்கள் காலை நீட்டிப் படுத்துவிட்டதால், பெண்கள் ஒரு தூணைச் சுற்றிக் கம்பளத்தில் உட்கார்ந்தார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, லயத்து வரிசை வீடுகளின் தண்ணீர்ப் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டுக் கதை பேசுவதுபோலப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பூரணியின் ஒரு பக்கம் கினிகத்தேனை அழகம்மா. துபாயில் ஒரு வீட்டில் வேலை, ஐந்தாவது தடவை. இன்னொரு பக்கம் நல்லதண்ணி ராக்காயி. அவளுக்குக் குவைத். மூவருக்கும் முந்திய பயணங்களிலேயே பழக்கம். பூரணியின் மடியில் கம்பி போட்டுக் கட்டிய ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. கழிவறைக்குப் போகும்போதும் அதைத் தூக்கிக்கொண்டுதான் போனாள்.

“என்னாடி அது, கைப்புள்ளையாட்டம் மடியிலயே வச்சிருக்க?” என்றாள் அழகம்மா.

“சோடா மெசின்.”

“அந்தச் சனியனா? எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. மூணு தரம் அமுக்கணும். நாலாவது தரம் அமுக்குனா மூஞ்சியில அடிச்சிரும்.”

“எங்க மிஸ்டருக்கு ரெண்டு தரம் போதும். அடியில கொஞ்சமா விஸ்கி, மேல வரைக்கும் சோடா. அதுக்கு மேல ஒரு சொட்டு ஊத்துனாலும் வேணாம்பாரு.”

“அது விஸ்கியா, வாய் கொப்புளிக்கிற தண்ணியா? எங்க மிஸ்டரு சோடாவக் கிட்டயே சேக்க மாட்டாரு. ரெண்டு ஐஸ் கட்டி, அம்புட்டுத்தான். சோடா ஊத்துனா விஸ்கி செத்துப்போகுமாம். ஒரு நாளு விருந்துக்கு வந்த ஆளு கோலா கலந்து கேட்டுப்புட்டாரு. மிஸ்டர் மொகத்தப் பாக்கணுமே, வீட்ல எழவு விழுந்த மாதிரி ஆயிருச்சு.”

ராக்காயிக்குப் பொறுக்கவில்லை. “ஒங்க எசமானுக எல்லாம் போத்தல வெளிய வச்சுக் குடிக்கிற ஆளுக. எங்க நாட்டுல குடிச்சா சட்டம் புடிக்கும். எங்க பாபா தேத்தண்ணிக் கோப்பையில ஊத்திக் குடிப்பாரு. பக்கத்துல நான் சீனியும் கரண்டியும் வைக்கணும். கதவத் தட்டுற சத்தம் கேட்டா உடனே ஓடிப்போய் கரண்டியால கலக்கணும். விஸ்கியில சீனி கலக்குன ஒரே பொம்பள நான்தான்டி.”

மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாற்காலியில் படுத்திருந்த ஒருவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். எந்த விஸ்கிக்கு எவ்வளவு சோடா என்று இப்படி வாய் நிறையப் பேசிக்கொண்டிருந்த மூவரில் ஒருத்தியும் ஒரு சொட்டைக்கூட நாக்கில் வைத்தவள் இல்லை.

சிரிப்பு அடங்கியதும் பூரணி கேட்டாள். “ஒங்க மிஸ்டர் குடிச்சிட்டு அடிப்பாராக்கா?”

“அடிக்கிறதுக்குக் குடிக்கணுமாடி?” அழகம்மா சட்டைக் கையை மேலே தூக்கினாள். முழங்கைக்கு மேலே இஸ்திரிப்பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. “மேடம் வச்சது. அவ சோடாவக்கூடத் தொட மாட்டா.”

பூரணி ‘ஐயோ’ என்று அந்த இடத்தைத் தடவிக் கொடுத்தாள். கண்கூட அவளுக்குக் கலங்கியது. ஆனால் அந்தத் தழும்பு சொன்ன பாடம் அவள் காதில் ஏறவில்லை. அவள் மண்டைக்குள் வேறொரு நினைப்பு ஏற்கெனவே குடிவந்து பாயை விரித்துவிட்டிருந்தது. அடிக்கிற கை வேறு, குடிக்கிற வாய் வேறு என்று அன்றைக்கு அவள் விளங்கிக்கொண்டிருந்தால் இந்தக் கதையை நான் எழுத வேண்டி வந்திராது.

அந்த நினைப்பு பெய்ரூத்து வீட்டுப் பால்கனியில் பிறந்தது. அந்த வீட்டு மிஸ்டர் ஏதோ கம்பெனியில் பெரிய வேலையில் இருந்தார். பொழுது சாயும் நேரம் வந்து பால்கனியில் உட்காருவார். பூரணி போத்தலில் தண்ணீர் நிரப்பி, மெசினில் மாட்டி, பிடியை அமுக்கி, புர்ரென்ற சத்தம் அடங்கியதும் கிளாஸில் ஊற்றிக் கொடுப்பாள். ஒரு தட்டில் பிஸ்தா. அந்த ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு அவர் கடலைப் பார்த்தபடி நெடுநேரம் இருப்பார். நடுவில் மனைவியைக் கூப்பிட்டுப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்பார். கிளாஸ் காலியானதும் எழுந்து சாப்பிடப் போய்விடுவார். குரல் உயர்ந்து ஒரு நாளும் அவள் கேட்டதில்லை.

அவளுடைய புருஷன் வீரய்யாவும் குடித்தான். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மேல்தட்டில் அவனுக்கு வேலை. வேலை முடிந்ததும் தவறணைக்குப் போய், நின்ற நிலையில், எதுவும் கலக்காமல் சாராயத்தைத் தொண்டைக்குள் கவிழ்ப்பான். கையில் காசு குறைந்தால் கள்ளத்தனமாகக் காய்ச்சிய கசிப்பு. வீட்டுக்கு வந்து, எது கையில் அகப்படுகிறதோ அதால் அவளை அடித்துவிட்டு, விளக்கு வைக்கும் முன்பே விழுந்து தூங்கிவிடுவான். குடிக்காத நேரத்தில் நல்ல மனுசன் என்று சொல்லலாம்தான். அந்த நேரத்தை மட்டும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

இரண்டு ஆண்களையும் பூரணி மூன்று வருடம் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். இவரும் குடிக்கிறார், அவரும் குடிக்கிறார். வித்தியாசம் எங்கே இருக்கிறது? கடைசியில் கண்டுபிடித்தாள். சோடா. சோடா கலந்தால் மெதுவாகத்தான் குடிக்க முடியும். மெதுவாகக் குடிக்கிறவனுக்குக் கோபம் வராது. கோபம் வராத புருஷன் சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவருவான். புருஷன் சம்பளம் வந்தால் அவள் பழையபடி கொழுந்து பறித்துக்கொண்டு லயத்திலேயே இருந்துவிடலாம்.

ஏனென்றால், இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. மகள் சுதர்ஷினிக்குப் பத்து வயது. நாலு வயதில் விட்டுவிட்டுப் போனது. இடையில் வந்து நின்ற நாட்கள் போக, தாயின் முகத்தைவிடத் தாயின் குரல்தான் அந்தப் பிள்ளைக்குப் பழக்கம். கேசட்டில் பேசி அனுப்புவார்கள். கடைசியாக வந்த கேசட்டில் பள்ளிக்கூடத்துக் கதை, பக்கத்து லயத்துக் கல்யாணம் எல்லாம் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல் மட்டும் ஓடியது. பிறகு, “இந்தத் தடவ வந்தா போகாதம்மா” என்றது பிள்ளையின் குரல். பூரணி அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

புறப்படும் நாளில் மேடம் நல்ல மனநிலையில் இருந்தார். அலமாரியைத் திறந்து காட்டி, உன் மகளுக்கு வேண்டியதை எடுத்துக்கொள் என்றார். அவருடைய பெண்ணின் கம்பளிக் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. பூரணி அலமாரியைப் பார்த்தாள். பிறகு, சமையலறை மூலையில் புது மெசின் வந்ததும் ஒதுக்கி வைத்த பழைய சோடா மெசினைக் கேட்டாள். மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, நிரப்பிய கேஸ் குழாய்கள் சிலவற்றையும் சேர்த்துக் கொடுத்தார். மகளுக்காகத்தான் இதைக் கேட்டோம் என்றே பூரணி நினைத்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வருகிறவள் போத்தல் இல்லாமல் வந்தால் தோட்டத்தில் அவளை ஒரு மனுஷியாக மதிக்க மாட்டார்கள். எனவே கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, வரியில்லாத கடையில் அவளும் விஸ்கிப் போத்தல்கள் வாங்கினாள். லயமே கூடி வந்துவிட்டது. வழக்கப்படி முதல் ஊற்று மலையடி முனியாண்டிக்கு. வீரய்யா போத்தலோடு கிளம்பியபோது பூரணி சோடாவையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

“சாமிக்கும் இதக் கலந்தே வைங்க.”

கூட வந்த மாயாண்டிக்கு அடக்க முடியாத சிரிப்பு. வீரய்யாவோடு தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், வாய் சும்மா இருக்காத ஆள். “ஏந்தங்கச்சி, முனியாண்டிக்குச் சோடா ஒத்துக்குமா? இத்தன வருசம் சாராயத்தக் கண்ணு செவக்கக் குடிச்ச சாமி. ஏப்பம் விட்டுப்புட்டுத் தூங்கிட்டா தோட்டத்த யாரு காவ காக்கிறது?”

அன்று சாயந்தரம் வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில் நாற்காலி போட்டுப் புருஷனை உட்காரவைத்தாள். அடியில் கொஞ்சம் விஸ்கி, மேல்வரைக்கும் சோடா. ஒரு தட்டில் வறுத்த கடலை. வீரய்யா ஒரு வாய் உறிஞ்சினான். மூக்கில் ஏறிய காற்றுக்குத் தும்மினான். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தன. அவனும் சிரித்தான். “நல்லாத்தான்டி இருக்கு. நாக்குல எறும்பு ஊருற மாதிரி” என்றான்.

அதை நம்பாமல் வேறு எதை நம்புவாள்? முதல் சில வாரம் எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. அவன் தவறணைப் பக்கம் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே கிளாஸை வைத்துக்கொண்டு, மகளைக் கூப்பிட்டு வாய்ப்பாடு சொல்லச் சொன்னான். பூரணி விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்த் திரும்பவும் பெயர் பதிந்து, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறினாள். கொழுந்து பறித்த விரல்கள் கறுத்தன. அந்தக் கறுப்பைப் பார்க்கப் பார்க்க அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அடுத்த பயணம் எப்போது என்று கேட்டு வந்த ஏஜென்டிடம், “இனி நான் வரலைங்க. வேற ஆளப் பாருங்க” என்று சொல்லியனுப்பினாள். சுதர்ஷினி பள்ளிக்கூடம் போகும்போது தாயின் கையைப் பிடித்துக்கொண்டே போனாள். பத்து வயதுப் பெண், கை பிடிக்கிற வயதா அது? இருந்தும் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள் மாலை, அவள் தட்டோடு பக்கத்தில் நின்றபோது வீரய்யா நிமிர்ந்து பார்த்தான்.

“அங்கயும் இப்பிடித்தான் நிப்பியா?”

“ஆமாங்க. மிஸ்டரு கேட்டா திரும்பச் சோடா ஊத்தணும்ல?” புருஷன் தன் வேலையைப் பற்றி முதல்தடவையாக விசாரிக்கிறானே என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் கேட்டான். “அந்நேரம் மேடம் எங்க இருப்பா?”

“உள்ள. டீவி பாத்துக்கிட்டு.”

உள்ளதை உள்ளபடி சொன்னாள். அதுதான் அவள் செய்த தப்பு. முன்பு வீரய்யாவுக்கு இதையெல்லாம் யோசிக்க நேரம் இருந்ததில்லை. தவறணையில் கவிழ்த்து, வீட்டில் அடித்து, விழுந்து தூங்குகிறவனுக்கு பெய்ரூத்து ஏது, பால்கனி ஏது? அவன் அடிப்பான், கேட்க மாட்டான். இப்போது சோடா அவனுக்கு நேரத்தைக் கொடுத்துவிட்டது. நாற்காலியைக் கொடுத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னொரு ஆணின் பக்கத்தில் தன் பெண்சாதி எப்படி நின்றாள், எப்படிக் குனிந்து ஊற்றினாள் என்பதை அவளே ஒவ்வொரு சாயந்தரமும் அவன் கண்ணெதிரே செய்து காட்டிக்கொண்டிருந்தாள். பாவி மகள், தன் கையாலேயே கொள்ளியைத் தூக்கிக் கூரையில் வைத்தாள்.

விஸ்கி முடிந்ததும் கசிப்பு வந்தது. கசிப்பிலும் சோடா கலக்கலாம் என்று கண்டுபிடித்ததும் ஆட்கள் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு போத்தலோடு வருவார்கள். வீரய்யா நாற்காலியில், மற்றவர்கள் படியில். தோட்டமே அவனை ‘மிஸ்டர்’ என்று கூப்பிட்டது. அவனும் அந்தப் பட்டத்தை மகிழ்ச்சியாகச் சுமந்தான், மாயாண்டி வாயைத் திறக்கும் வரைக்கும்.

“பேரூத்து மிஸ்டருக்கும் நம்ம மிஸ்டருக்கும் ஊத்துற கை ஒண்ணுதான்டா. குடுத்து வச்ச ஆளுக” என்றான் மாயாண்டி. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஏதாவது பேச வேண்டும் என்று பேசியது. எல்லோரும் சிரித்தார்கள். வீரய்யாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான்.

ஆட்கள் போனபின் அவன் கதவைச் சாத்தினான். பழைய அடி வேறு, இது வேறு. பழைய அடிக்குக் காரணம் கிடையாது, அதனால் முடிவும் சீக்கிரம் வந்துவிடும். இந்த அடிக்குக் கேள்வி இருந்தது. ஒரு கேள்வி, ஓர் அடி. “நின்னியா, ஒக்காந்தியா?” “கிளாஸக் கையில குடுத்தியா, மேசையில வச்சியா?” “சிரிச்சானா?” என்ன பதில் சொன்னாலும் அடுத்த கேள்விக்கு அது வழிவிட்டது. சுதர்ஷினி போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள்.

கேஸ் தீர்ந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று பூரணி நாளை ஓட்டினாள். அவள் ஆசையாகத் தூக்கிவந்த குழாய்கள் காலியாக வேண்டும் என்று அவளே முனியாண்டியை வேண்டிக்கொண்டாள். இனி மெசினைத் தொட மாட்டேன் என்று ஒருநாள் பிடிவாதமாக அடுப்படியிலேயே இருந்துவிட்டாள். வீரய்யா சத்தம் போடவில்லை. மகளைக் கூப்பிட்டான்.

“இங்க வா. தட்ட எடு. ஒங்கம்மா பேரூத்துல எப்பிடி நின்னாளோ அப்பிடி நில்லு பாப்போம்.”

படியில் இருந்தவர்களில் இரண்டொருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எழுந்து போனவர் ஒருவரும் இல்லை. சுதர்ஷினி தட்டைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். எப்படி நிற்பது என்று தெரியாமல் காலை மாற்றி மாற்றி வைத்தாள்.

பூரணி வெளியே வந்தாள். மெசினைத் தூக்கி வாசலுக்கு எதிரே இருந்த கல்லில் ஓங்கி அடித்தாள். பிடி கழன்று ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம் போனது. நியாயமாகப் பார்த்தால் அத்தோடு அது முடிந்திருக்க வேண்டும்.

“ஒடச்சிட்டியா?” என்றான் வீரய்யா நிதானமாக. “அவன் நெனப்பு வந்திருச்சோ?”

அதற்குமேல் உடைப்பதற்கு அந்த வீட்டில் அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

இவ்வளவு கேள்வி கேட்டவன், சில மாதம் போனதும் தானே போய் ஏஜென்டைக் கூட்டிவந்தான். சந்தேகம் ஒரு பக்கம் இருக்கட்டும், வெளிநாட்டுக் காசும் போத்தலும் இல்லாமல் ‘மிஸ்டர்’ பட்டம் எத்தனை நாள் நிற்கும்? “போயிட்டு வா. இங்க கொழுந்து பறிச்சு என்னா ஆகப்போகுது” என்றான். போனதற்கு அடித்தவனும் அவன்தான், போகச் சொன்னவனும் அவன்தான். இதில் என்ன நியாயம் என்று கேட்க அந்த லயத்தில் ஒரு நாதி இல்லை.

பூரணி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். நோட்டன் பிரிட்ஜில் இருக்கும் தன் அக்கா பேச்சியம்மா வீட்டில் சுதர்ஷினியை விட வேண்டும், பிள்ளை அங்கிருந்து பள்ளிக்கூடம் போக வேண்டும். வீரய்யா முனியாண்டி மேல் சத்தியம் செய்தான். நான் இல்லாவிட்டால் கேள்வி இல்லை, கேள்வி இல்லாவிட்டால் பிள்ளைக்கு நிம்மதி என்று அவள் தன் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். புறப்பட்ட அன்று சுதர்ஷினி அழவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. பூரணி அதைப் பிள்ளை வளர்ந்துவிட்ட அடையாளம் என்று எடுத்துக்கொண்டாள்.

இந்தத் தடவையும் பெய்ரூத்துதான், வேறு வீடு. வயதான ஓர் அம்மா மட்டும். குடிக்கிறவர் யாரும் இல்லை. அந்த வீட்டில் பூரணிக்கு நிம்மதியான தூக்கம் வந்தது என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. இடையில் ஒருமுறை லீவு கொடுத்தபோதும் அவள் ஊருக்கு வரவில்லை. அக்கா வீட்டில் பிள்ளை நன்றாக இருப்பாள் என்று இருந்துவிட்டாள்.

இரண்டாயிரத்து மூன்றில் திரும்பி வந்தாள். ஹட்டனிலிருந்து பிடித்த வேன் தோட்டத்துப் பாதையில் ஏறி லயத்துக்கு முன்னால் நின்றபோது பொழுது மங்கிக்கொண்டிருந்தது. இஸ்தோப்பில் அதே நாற்காலி, அதே படி, அதே ஆட்கள். வீரய்யாவின் பக்கத்தில் கையில் தட்டோடு ஒரு பெண் நின்றாள். உயரமாக, மெலிந்து, பூரணியின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு. அது தன் மகள்தான் என்று தெரிந்துகொள்ளப் பூரணிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பேச்சியம்மா வீட்டில் பிள்ளை இருந்தது ஒரே மாதம். வீரய்யா போய் வாசலில் நின்று, எனக்குச் சோறாக்கிப் போட யார் இருக்கிறார்கள் என்று சண்டை போட்டு இழுத்து வந்திருக்கிறான். பள்ளிக்கூடம் அன்றோடு சரி. கேசட்டில் மட்டும் எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தது. பிள்ளை பேசும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பானாம்.

“மாயாண்டி மாமாவுக்குத் தண்ணியே வேணாம்” என்று தாயைக் கடந்து போகும்போது சுதர்ஷினி சொன்னாள். “கடைசி வீட்டு மாமாவுக்குப் பாதிக்குப் பாதி. அப்பாவுக்குக் கடையில விக்கிற சோடா. மேல வரைக்கும் ஊத்தணும். நீ காட்டிக் குடுத்த மாதிரியே.”

குரலில் கோபமே இல்லை. வந்த இடத்தில் வேலை தெரியாமல் நிற்கும் புது ஆளுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிற குரல் அது.

படியிலிருந்து மாயாண்டி எழுந்தான். “அடடே, தங்கச்சி வந்திருச்சே! போத்தல் எங்க?”

பூரணி என்ன செய்திருக்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லலாம். நாற்காலியைத் தூக்கி எறிந்திருக்கலாம். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அதே வேனில் திரும்பி ஏறியிருக்கலாம். அவள் பையைத் திறந்தாள். கட்டுநாயக்கவில் வாங்கிய போத்தலை எடுத்து வீரய்யாவின் கையில் கொடுத்தாள். வாங்கும்போதும் அவள் யோசிக்கவில்லை, கொடுக்கும்போதும் யோசிக்கவில்லை. வருகிறவள் போத்தலோடு வர வேண்டும், அவ்வளவுதான். சுதர்ஷினி அந்தப் போத்தலைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், கிளாஸ் எடுக்க உள்ளே போனாள்.

அடுத்த இரண்டு வருடத்தில் பூரணி தன்னால் ஆனதைச் செய்தாள். தானே ஊற்றினாள். மகளை இஸ்தோப்புப் பக்கம் வரவிடவில்லை. கேள்வி வந்தபோது கேள்வியையும் அடியையும் தானே வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போ என்று கெஞ்சினாள். சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார முடியாது என்று சுதர்ஷினி மறுத்துவிட்டாள். தாயும் மகளும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஒரே மலையில் கொழுந்து எடுத்தார்கள். ஆனாலும் இருவருக்கும் நடுவில் பேச்சு வேண்டியதற்கு மேல் வளரவில்லை. கேசட்டில் பேசியபோது இருந்த நெருக்கம்கூட நேரில் வரவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒருநாள் சுதர்ஷினி ஏஜென்டை வரச்சொல்லாமல் தானே அவனைத் தேடிப் போனாள். பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டிப் போட்டார்கள். வீரய்யாவுக்குத் தடை சொல்ல ஒரு காரணமும் இல்லை. பூரணி அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், காலைக்கூடப் பிடித்தாள். “நீ போகல?” என்று மட்டும் மகள் கேட்டாள். அதற்குப் பிறகு பூரணியால் தடுக்க முடியவில்லை.

கட்டுநாயக்கவுக்குத் தாய்தான் கூட வந்தாள். இந்த வழி அவளுக்கு மனப்பாடம். எந்த வரிசையில் நிற்பது, எங்கே கையெழுத்து, பஹ்ரேனில் இறங்கினால் எந்தப் பக்கம் போவது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். சுதர்ஷினி தலையை ஆட்டிக்கொண்டு வந்தாள். டிக்கெட் இல்லாதவர்கள் அதற்குமேல் போக முடியாது என்ற கம்பிவேலிக்குப் பக்கத்தில் பூரணி மகளின் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“குடிக்கிற வீடா இருந்தா பாத்து இருந்துக்க. கிளாஸ மேசையில வச்சிட்டு வந்திரு. கையில குடுக்காத.”

“கையில குடுத்தா என்னா, மேசையில வச்சா என்னா? இங்க ஊத்துனதத்தானே அங்கயும் ஊத்தப் போறேன். அங்க சம்பளமாச்சும் குடுப்பாங்க.”

பூரணி பிடித்த தோளை விடவில்லை. “அப்பிடிப் பேசாதடி. ஒனக்காகத்தான்டி நான் நாலு தடவையும் போனேன். ஒனக்காகத்தான்.”

சுதர்ஷினி தாயின் சேலைத் தலைப்பை இழுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள். கசங்கியிருந்த இடத்தைக் கையால் தடவி நீவினாள். இரண்டு வருடத்தில் அவள் தாயைத் தொட்டது அப்போதுதான்.

“தெரியும்மா. நீ போனதெல்லாம் எனக்காகத்தான்” என்றாள். “வந்ததெல்லாம் அப்பாவுக்காக.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நடந்தாள். வரிசையில் முன்னால் நின்ற யாரோ ஒரு பெண் அவளிடம் என்னவோ கேட்டாள். அவள் பதில் சொல்லிச் சிரித்தாள். மகள் சிரிப்பதைப் பூரணி அவ்வளவு தூரத்திலிருந்துதான் பார்த்தாள்.

வரிசை உள்ளே போய் முடிந்த பிறகும் அவள் கொஞ்ச நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஹட்டன் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்துக்கொண்டு நடந்தாள். பொழுது சாய்வதற்குள் லயத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வீரய்யாவுக்குச் சோறாக்கிப் போட வேறு ஆள் இல்லை.